பழைய சாயலில் ஒரு டூல் வாட்ச்: குறைந்த எண்ணிக்கையில் வடிவமைத்து வெளியிடுவது எப்படி

பழைய டைவிங் வாட்ச் ஒன்றின் படத்தைப் பார்த்து மயங்கி, "இந்தச் சாயலில் நாமே சில நூறு வாட்ச் போட்டால் என்ன" என்று யோசிப்பவர்கள் இப்போது நிறைய இருக்கிறார்கள். செய்யக்கூடிய காரியம்தான். மூவ்மெண்டை, அதாவது உள்ளே ஓடும் இயந்திரத்தை, வெளியில் வாங்கிக்கொள்ளலாம், வரைபடம் கொடுத்தால் கேஸ் (வெளிக்கூடு), டயல், முட்கள் எல்லாம் செய்து தரும் தொழிற்சாலைகள் இருக்கின்றன, பணமும் பொறுமையும் உள்ள ஒரு சின்னக் குழு முழு வேலையையும் முடித்துவிட முடியும். ஆனால் இப்படி வெளிவரும் வாட்சுகளைப் பாருங்கள், பெரும்பாலானவை ஒன்றைப்போலவே இன்னொன்று: மஞ்சளித்த லூம் (இருட்டில் ஒளிரும் பூச்சு), குவிந்த கண்ணாடி, பழுப்புத் தோல் ஸ்ட்ராப், டயலில் எங்கோ ஒரு சிவப்பு வரி. பழசாகத் தெரிகிறது, சரி. ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்டால் பதில் இல்லை.

என் கட்சி இது. 1950களின் வாட்ச் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் புத்தம் புதிதாக இருந்த அன்றைக்கு எப்படி இருந்திருக்குமோ, அதை வடிவமையுங்கள். அறுபது வருடம் வெயிலும் வியர்வையும் பட்டபின் அது என்ன ஆனதோ அதை வரையாதீர்கள். கீழே சொல்லப்போகிற முடிவுகள் பெரும்பாலும் இதிலிருந்துதான் வருகின்றன.

முதலில் வேலை, அப்புறம் வருடம்

டூல் வாட்ச் ஒரு வேலைக்கான கருவி, அதன் அழகும் அந்த வேலையிலிருந்து வந்ததுதான். 1950களின் தொடக்கத்தில் பிரெஞ்சுக் கடற்படையில் நீருக்கடியில் போரிடும் வீரர்களின் பிரிவை அமைத்த பாப் மலூபியேவும் கிளோட் ரிஃபோவும் இருட்டுத் தண்ணீரில் நேரம் பார்க்க ஒரு வாட்சைத் தேடினார்கள். கறுப்பு டயல், பெரிய எண்கள், தெளிவாக ஒளிரும் குறிகள், டயலில் உள்ள குறிகளையே திரும்பக் காட்டும் சுழலும் வளையம் என்று கேட்டார்கள். அப்போது பிளாங்பான் நிறுவனத்தை நடத்திய ழான் ஜாக் ஃபீக்டர் தாமே கடலில் மூழ்கி நீந்துகிறவர், ஒருமுறை நேரக் கணக்கு தப்பி ஆழத்தில் காற்று தீர்ந்துபோன அனுபவம் அவருக்கு இருந்தது. இந்த இரண்டு தேவைகளும் சந்தித்த இடத்தில் 1953-ல் ஃபிஃப்டி ஃபேதம்ஸ் என்ற டைவிங் வாட்ச் பிறந்தது. அந்த முகத்தில் அலங்காரம் என்று தனியாக எதையும் யாரும் சேர்க்கவில்லை, ஆனாலும் இன்றைக்கு வரை அதை வரைந்து வரைந்து பார்க்கிறோம்.

இரண்டாம் உலகப்போரின் முடிவில், 1945-ல், பிரிட்டிஷ் ராணுவத்துக்கு வந்து சேர்ந்த டபிள்யூ.டபிள்யூ.டபிள்யூ. (வாட்ச், ரிஸ்ட், வாட்டர்ப்ரூஃப்) வாட்சுகளும் இதற்கு நல்ல உதாரணம். பன்னிரண்டு நிறுவனங்கள் தனித்தனியாகச் செய்தவை. கறுப்பு டயல், ஒளிரும் குறிகள், ஆறு மணிப் பக்கம் தனி விநாடி வட்டம், தண்ணீர் புகாத கேஸ் என்று தேவைத் தாளில் இருந்தது, அதனால் பன்னிரண்டும் அண்ணன் தம்பிகளாகவே இருக்கின்றன. தாள்தான் அங்கே வடிவமைப்பாளர்.

நீங்களும் அப்படி ஒரு தாள் எழுதுங்கள். கணினியில் ஒரு கோடு போடுவதற்கு முன்னால் ஒரே ஒரு பக்கம். யார் கட்டப்போகிறார்கள், எந்த வெளிச்சத்தில் பார்ப்பார்கள், கையுறை போட்டுக்கொண்டு கிரவுனை (பக்கவாட்டுத் திருகை) திருப்ப வேண்டியிருக்குமா, முதலில் கண்ணில் பட வேண்டியது மணியா நிமிடமா, தண்ணீர், காந்தம், அதிர்ச்சி இவற்றில் எது நிஜமான எதிரி. கடைசியில் ஒரு வருடம். "பழைய காலம்" என்று பொத்தாம் பொதுவாக எழுதாமல், 1954 என்றோ 1963 என்றோ ஒன்றைப் போடுங்கள். வருடம் போட்டால்தான் பல சண்டைகள் தானாகத் தீரும். ரோலெக்ஸ் சப்மரைனருக்கு கிரவுனின் இருபக்கமும் காவல் தோள்கள் வந்தது 1959-ல், அதனால் 1954 என்று எழுதியிருக்கும் தாளில் அந்தத் தோள்களுக்கு இடமில்லை, கிரவுன் வெளியே துருத்திக்கொண்டு கொஞ்சம் பெரிதாக இருக்கும், அந்தத் தோற்றத்தின் உயிரே அதுதான்.

டைவிங்கைத் தவிர வேறு வேலைகளும் இருக்கின்றன. இரண்டு ஊர் நேரம், காந்தப்புலத்துக்கு அருகில் வேலை, கால அளவை. ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு செலவைக் கொண்டுவரும். காந்த எதிர்ப்பு வேண்டுமென்றால் மூவ்மெண்டைச் சுற்றி மெல்லிரும்புக் கூடு போட வேண்டும், டயலும் இரும்பாக இருந்து அந்தக் கூட்டின் மேல்மூடியாக வேலை செய்யும், அதில் தேதிக்கு ஓட்டை போட்டால் பாதுகாப்பு குறையும், கேஸும் தடிக்கும். 1957-ல் வந்த ஒமேகா ரெயில்மாஸ்டர் தேதி இல்லாமல் அவ்வளவு எளிமையாக இருந்ததற்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது. அதே வருடம் வந்த ஸ்பீட்மாஸ்டர் வேகமானிக் கோடுகளை டயலிலிருந்து எடுத்து பெசலில் (கண்ணாடியைச் சுற்றியுள்ள வளையத்தில்) வைத்தது, பந்தயக் கார்களுக்காக. உங்கள் வாட்சைக் கட்டப்போகிறவர் பந்தயத் தடத்துக்குப் போகப்போவதில்லை என்றால் அந்தக் கோடுகள் வெறும் பூவேலை.

என்னைக் கேட்டால், முதல் வாட்சுக்கு மிக நல்ல தேர்வு 12 மணி எண்கள் குறித்த சுழலும் பெசல். சாதாரண மூன்று முள் மூவ்மெண்ட் போதும், பெசலைத் திருப்பினால் இன்னொரு ஊரின் நேரம் தெரியும், பயணம் போகிற எல்லோருக்கும் உபயோகம், அந்தக் காலத்துக்கும் பொருந்தும்.

மூவ்மெண்ட்: எல்லா அளவும் இங்கிருந்துதான்

நிறைய பேர் கேஸை அழகாக வரைந்துவிட்டு அதற்குள் எதை வைப்பது என்று தேடுகிறார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். உதாரணமாக செலிட்டா எஸ்டபிள்யூ200 என்ற மூவ்மெண்ட் என்றால் விட்டம் 25.6 மி.மீ., தடிமன் 4.6 மி.மீ., ஈடிஏ 2824-க்கும் அதே அளவு. மியோட்டா 9015 குடும்பம் 3.9 மி.மீ. சீக்கோவின் என்எச்35 5.32 மி.மீ., மலிவு, முரட்டு உழைப்பு, எங்கேயும் பழுதுபார்க்கலாம், ஆனால் தடி. இப்போது அடுக்கிப் பாருங்கள். மூவ்மெண்ட் 4.6, டயல் 0.4, முட்கள் ஒன்றோடொன்று உரசாமலும் கண்ணாடியைத் தொடாமலும் இருக்க ஏறக்குறைய 2, 200 மீட்டர் ஆழம் தாங்கும் சஃபயர் கண்ணாடி 2.5, ரோட்டருக்கு (தானாகச் சாவி ஏற்றும் சுழல் எடைக்கு) அடியில் இடைவெளி 0.3, கேஸ்பேக் (பின்மூடி) 1.5. மொத்தம் 11.3 மி.மீ. இதே கணக்கில் என்எச்35 வைத்தால் 12 தாண்டும், மியோட்டா என்றால் பதினொன்றுக்குள் வரும். 38 மி.மீ. விட்டமுள்ள வாட்சில் இந்த ஒன்றரை மில்லிமீட்டர் வித்தியாசம்தான் அது மணிக்கட்டில் படிந்து உட்காருமா, டப்பா மாதிரி நிற்குமா என்பதைத் தீர்மானிக்கிறது. அந்தக் காலத்து வாட்சுகள் மெலிந்த பக்கவாட்டோடும் உப்பிய கண்ணாடியோடும் இருந்தன, அந்த விகிதம் போனால் டயலில் என்ன செய்தாலும் பழைய சாயல் ஒட்டாது.

தேதி வேண்டாம் என்று முடிவு செய்தால் தேதி இல்லாத மூவ்மெண்டையே வாங்குங்கள், உதாரணமாக மியோட்டா 9039. தேதியுள்ள மூவ்மெண்டை வாங்கி டயலால் மூடிவிட்டால் கிரவுனை இழுக்கும்போது ஒன்றும் செய்யாத ஒரு நிலை நடுவில் வரும், நள்ளிரவில் கண்ணுக்குத் தெரியாத தேதி மாறும் சத்தம் கேட்கும். விலை கொடுத்து வாங்கியவருக்கு ஒவ்வொரு முறையும் அது உறுத்தும்.

சாவி கொடுக்கும் மூவ்மெண்ட் மெலிதாக இருக்கும், ஆசையாகவும் இருக்கும். ஆனால் திருகி மூடும் கிரவுனோடு அதைச் சேர்க்காதீர்கள். தினமும் திருகித் திறந்து, சாவி கொடுத்து, மறுபடி திருகி மூட வேண்டும், மரையும் ரப்பர் வளையமும் சீக்கிரம் தேய்ந்துபோகும். டைவிங் வேலைக்கு கை அசைவில் தானே சாவி ஏறும் ஆட்டோமேட்டிக், நிலத்தில் நடக்கிறவருக்கான வாட்சுக்கு சாவி, இப்படிப் பிரித்துக்கொள்வது நல்லது.

அளவு, கேஸ், கிரவுன்

பழைய வாட்ச் என்றாலே சிறியது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. 1965-ல் வந்த சீக்கோவின் முதல் டைவிங் வாட்ச் 38 மி.மீ.க்கு அருகில், ரோலெக்ஸ் எக்ஸ்ப்ளோரர் 36, ஆனால் அதே காலத்து ஃபிஃப்டி ஃபேதம்ஸ் 41, 42 வரை போனது. ஆகவே விட்டத்தை வேலை முடிவு செய்யட்டும். விட்டத்தை விட முக்கியம் ஒரு லக் (ஸ்ட்ராப் மாட்டும் கொம்பு) நுனியிலிருந்து எதிர் லக் நுனி வரையிலான நீளம், 46 முதல் 48 மி.மீ.க்குள் இருந்தால் பெரும்பாலான மணிக்கட்டுகளில் உட்காரும். லக்கின் நுனி கேஸ்பேக்கின் அடிமட்டத்துக்காவது கீழே இறங்கி வர வேண்டும், இல்லையென்றால் வாட்ச் கேஸ்பேக்கின் மேல் ஆடிக்கொண்டிருக்கும்.

லக்கில் ஊடுதுளை போடுங்கள். ஸ்ட்ராப் மாற்ற வசதி, காலத்துக்கும் பொருத்தம், கருவி என்ற உணர்வும் வரும். பளபளப்பு மேல் பரப்பில் வேண்டாம், கோடு இழுத்த பூச்சு போதும், ஓரத்தில் ஒரு மெல்லிய சரிவை மட்டும் பளபளப்பாக்கினால் வெளிச்சம் அந்தக் கோட்டில் ஓடும். எஃகு 316 எல் போதுமானது, அதற்கு மேல் போவதில் இந்த மாதிரி வாட்சுக்கு லாபம் இல்லை.

கண்ணாடி பற்றி எப்போதும் விவாதம் வரும். அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக் ஓரத்தில் ஒளியை வளைக்கும் விதம் அழகு, உடைந்து சிதறாது, கீறல் விழுந்தால் தேய்த்துப் போக்கலாம். சஃபயர் கீறாது, ஆனால் பெட்டி மாதிரி உயர்த்திச் செய்தால் ஓரத்தில் பால்நிற வளையம் தெரியும், விலையும் ஏறும். நான் சஃபயர் பக்கம்தான், உள்பக்கம் மட்டும் எதிரொளி தடுக்கும் பூச்சோடு. வெளிப்பக்கப் பூச்சு கீறும், கீறிய பூச்சு கீறிய கண்ணாடியை விட அசிங்கம்.

டயலும் லூமும்

நேரத்தின் பெரும்பகுதியை இங்கே செலவழியுங்கள்.

1950களின் கறுப்பு டயல்களில் பொன்னிற எழுத்து மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். பலர் கறுப்பின் மேல் தங்க மை அச்சடித்தால் அது வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். வராது, தட்டையாக, மங்கலாக, மஞ்சள் பெயிண்ட் போல இருக்கும். அந்தக் காலத்தில் நடந்தது நேர் எதிர் வழி: பித்தளைத் தட்டை மெருகேற்றி, எழுத்தும் கோடும் வர வேண்டிய இடத்தில் ஒரு காப்புப் பூச்சை அச்சடித்து, தட்டை மின்குளியலில் கறுப்பாக்கி, பிறகு காப்பைக் கழுவி எடுப்பார்கள். எழுத்து என்பது அடியில் இருக்கிற பித்தளையே, கறுப்புக்குள் ஒரு முடியளவு பதிந்து கிடக்கும், அதன் மேல் கண்ணாடி போல ஒரு லாக்கர். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் எழுத்தின் ஓரம் கறுப்பைவிடத் தாழ்ந்திருக்கும், வாட்சைச் சாய்க்கும்போது எழுத்து சட்டென்று எரிந்து அணையும். இந்த முறையில் இன்றும் செய்து தரும் டயல் பட்டறைகள் உண்டு, கழிவு அதிகம் என்பதால் விலையும் அதிகம். பட்ஜெட் இடம் கொடுக்கவில்லையென்றால் பொய்ப் பொன் வேண்டாம், மேட் கறுப்பில் வெள்ளை அச்சுக்குப் போங்கள், அதுவும் அந்தக் காலத்து உண்மைதான்.

எழுத்துரு விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள். பழைய டயல்களின் எண்களை ஒரு வரைவாளர் கையால் வரைந்தார், அதிலிருந்து தகடு செதுக்கி, மெத்தென்ற அச்சுத் திண்டால் மையை எடுத்து டயலில் ஒற்றினார்கள். மூன்றின் மேல்பகுதி தட்டையாக, ஆறும் ஒன்பதும் வயிறு திறந்து, நான்கின் கால் கொஞ்சம் குட்டையாக இருக்கும், இதெல்லாம் அந்தக் கையிலிருந்து வந்தவை. கணினியில் கிடைக்கும் எழுத்துருவை அப்படியே போட்டால் டயல் செத்துப்போகும். எழுத்துருவில் தொடங்குங்கள், ஆனால் ஒவ்வொரு எண்ணையும் அது நிற்கிற இடத்துக்கு ஏற்ப மறுபடி வரையுங்கள். டயலில் எத்தனை வரி எழுத்து என்பதையும் எண்ணுங்கள். பெயர் ஒரு வரி, ஆழம் ஒரு வரி, அவ்வளவு போதும். "ஆட்டோமேட்டிக்" என்று எழுதினால்தான் விற்கும் என்று யாராவது சொன்னால் அவரிடம் தாளைக் காட்டுங்கள்.

அடுத்து லூம். அந்தக் காலத்தில் ரேடியம் பூசினார்கள், அதன் ஆபத்து தெரிந்தபின் டிரிடியம் வந்தது, இரண்டும் தாமாகவே ஒளிர்ந்தவை. டிரிடியத்தின் அரை ஆயுள் 12.3 வருடம், ஆகவே 1960களின் டயலில் இன்று அதில் நூற்றில் மூன்று நான்கு பங்குதான் மிச்சம். இன்று நாம் ஆசையோடு பார்க்கிற அந்தப் பழுப்பு மஞ்சள், செத்துப்போன லூமின் நிறம். 1958-ல் அந்த வாட்சை வாங்கியவர் பார்த்தது வெள்ளையோ வெளிர் பச்சையோதான். இப்போது எல்லோரும் பயன்படுத்துவது ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட் அடிப்படையிலான சூப்பர்லூமினோவா, ஒளியைக் குடித்து வைத்துக்கொண்டு மெதுவாக விடுவது. அதில் பழுப்புச் சாயம் சேர்க்கச் சேர்க்க வெளிச்சம் குறையும். அதன் வகைகளில் மிகப் பிரகாசமான சி3 பகலில் வெளிர் பச்சை மஞ்சளாகத் தெரியும், பிஜிடபிள்யூ9 பகலில் வெள்ளை, இரவில் நீலம். சி3-யின் பகல் நிறம் பழைய புது வாட்சின் நிறத்துக்கு மிக அருகில் இருக்கிறது, வேலையும் செய்கிறது. பிறகு ஏன் பழுப்பு?

சூப்பர்லூமினோவா தானாக ஒளிராது என்பதால் பரப்பும் தடிமனும் முக்கியம். ஒரே ஒரு மெல்லிய பூச்சு மாலையில் மின்னி நடுராத்திரிக்குள் போய்விடும். இரண்டு மூன்று அடுக்காகப் பூசச் சொல்லுங்கள், அடியில் வெள்ளைத் தளம் கேளுங்கள். குறிகள் சற்றே மேடாகக் குவிந்திருந்தால் பழைய கைப்பூச்சின் தோற்றமும் கிடைக்கும்.

முட்களில் பொதுவாக நடக்கும் கோளாறு குட்டை. நிமிட முள் நிமிடக் கோடுகளின் உள்விளிம்பையாவது தொட வேண்டும், மணி முள் எண்களின் அடியைத் தொட வேண்டும், இருட்டில் எது மணி எது நிமிடம் என்று வடிவத்திலேயே தெரிய வேண்டும். விநாடி முள்ளிலும் ஒரு பொட்டு லூம் வையுங்கள், வாட்ச் ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று இருட்டில் தெரிவதற்கு. பழைய வாட்சுகளில் நிமிட முள்ளின் நுனியை மெல்லக் கீழ்நோக்கி வளைத்திருப்பார்கள், சாய்வாகப் பார்த்தாலும் நேரம் தப்பாது. இந்த வளைவைக் கேட்டு வாங்குங்கள். முள்ளின் துளை அளவு மூவ்மெண்டுக்கு மூவ்மெண்ட் மாறும், ஆர்டரில் அதைத் தெளிவாக எழுதுங்கள்.

பெசல்

ரோலெக்ஸின் முதல் ஜிஎம்டி மாஸ்டர் பேக்லைட் (பழைய வகைப் பிளாஸ்டிக்) பெசலோடு வந்தது, பார்க்க அற்புதம், ஆனால் விரிசல் விட்டது, சீக்கிரமே அலுமினியத்துக்கு மாறினார்கள். அன்றைய வடிவமைப்பாளர்களே கைவிட்ட பலவீனத்தை நாம் எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. பேக்லைட்டின் ஆழமான பளபளப்பு வேண்டுமென்றால் சஃபயர் வளையத்தின் அடிப்பக்கம் அச்சடிக்கலாம், விலை அதிகம். செராமிக் கீறாது, ஆனால் இந்தச் சாயலுக்கு மிகவும் மினுக்கு. அலுமினியம் கீறும், வெயிலில் வெளுக்கும், மாற்றுவது சுலபம். எனக்கு அலுமினியம்தான் பிடிக்கும். வெளுப்பதை அணிகிறவரின் வெயில் பார்த்துக்கொள்ளட்டும்.

டைவிங் பெசல் ஒரு திசையில் மட்டும் சுழல வேண்டும், எதிலாவது இடித்து நகர்ந்தாலும் தண்ணீரில் கழித்த நேரத்தை அதிகமாகக் காட்ட வேண்டுமே தவிர குறைவாகக் காட்டவே கூடாது. 120 சொடுக்கு என்றால் ஒவ்வொன்றும் 3 பாகை. அரைச் சொடுக்கு பிசகினால் 1.5 பாகை, 39 மி.மீ. பெசலின் விளிம்பில் அது அரை மில்லிமீட்டர். சின்ன எண்ணாகத் தெரியும், ஆனால் 12 மணி முக்கோணமும் பெசலின் பொட்டும் அரை மில்லிமீட்டர் விலகி நின்றால் கண் வேறெதையும் பார்க்காது. வரைபடத்தில் இதற்கு அனுமதிக்கும் பிசகை எழுதுங்கள், ஒவ்வொரு வாட்சிலும் சரிபாருங்கள்.

தாளில் இருந்து உலோகத்துக்கு

முதலில் டயலையும் கேஸையும் நிஜ அளவில் காகிதத்தில் அச்சடித்து வெட்டி மணிக்கட்டில் ஒட்டிப் பாருங்கள். திரையில் கையகலத்துக்குத் தெரிகிற டயல் உண்மையில் முப்பது மில்லிமீட்டருக்கும் குறைவு, திரையில் நேர்த்தியாக இருந்த சிறு எழுத்து காகிதத்தில் தூசியாகத் தெரியும். அடுத்து கேஸை முப்பரிமாண அச்சில் எடுத்துச் சில நாள் கட்டித் திரியுங்கள். கணினி உருவாக்கும் படத்தை நம்பாதீர்கள், அதில் வெளிச்சம் எப்போதும் உங்கள் பக்கம் இருக்கும்.

உலோக மாதிரி வந்ததும் அதைக் கருணை இல்லாமல் பாருங்கள். வெயிலில், குழல்விளக்கில், பேருந்து ஜன்னலோரத்தில், நள்ளிரவில். லூமை வெளிச்சத்தில் காட்டிவிட்டு இருட்டறையில் ஒவ்வொரு மணி நேரமும் 25 செ.மீ. தூரத்திலிருந்து படிக்க முடிகிறதா என்று பாருங்கள், டைவிங் வாட்சுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 6425 கேட்கும் தூரம் அது. அதே தரம் குறைந்தது 100 மீட்டர் என்கிறது, குறிப்பிட்ட ஆழத்தைவிட 25 சதவீதம் கூடுதல் அழுத்தத்தில் சோதிக்கச் சொல்கிறது, அதுவும் மாதிரிக்கு ஒன்றிரண்டை எடுத்துச் சோதித்தால் போதாது, ஒவ்வொரு வாட்சையும் சோதிக்க வேண்டும். இதைச் செய்யாமல் டைவர்ஸ் வாட்ச் என்று டயலில் போடாதீர்கள். வெறுமனே 100 மீட்டர் என்று எழுதி அதை நேர்மையாகச் சோதித்தாலே போதும்.

சில குறிகளைத் தொடவே கூடாது. வட்டத்துக்குள் டி என்ற எழுத்து டிரிடியம் இருக்கிறது என்று பொருள்படும், உங்கள் டயலில் டிரிடியம் இல்லை. பிரிட்டிஷ் ராணுவத்தின் அகன்ற அம்புக்குறி அரசுச் சொத்தின் அடையாளம், அது சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது. ஸ்விஸ் மூவ்மெண்ட் போட்ட காரணத்துக்காக "ஸ்விஸ் மேட்" என்றும் எழுத முடியாது: 2017 முதல் உற்பத்திச் செலவில் குறைந்தது 60 சதவீதம் அங்கே ஆகியிருக்க வேண்டும், கேஸுக்குள் பொருத்துவதும் கடைசிப் பரிசோதனையும் அங்கேயே நடக்க வேண்டும். இன்னொரு நிறுவனத்தின் சின்னம், பெயர், பதிவு செய்த வடிவம் இவற்றின் பக்கமே போக வேண்டாம்.

எண்ணிக்கை

எத்தனை போடுவது என்பதைப் பலர் விளம்பரத்தை வைத்து முடிவு செய்கிறார்கள். எண்ணிக்கையைத் தருவது தொழிற்சாலைதான். கேஸ் செய்பவர் ஒரு குறைந்தபட்சம் சொல்வார், டயல் செய்பவர் நிறத்துக்கு ஒரு குறைந்தபட்சம் சொல்வார், முட்கள் செய்பவர் இன்னொன்று. இவற்றில் பெரியதை எடுத்துக்கொண்டு, அதற்குள் நீங்கள் உறுதியாக விற்று, பின்னாளில் பழுதும் பார்க்கக்கூடிய எண்ணைத் தேர்ந்தெடுங்கள். மூன்று நிறத்தில் நூறு நூறு போடுவதைவிட ஒரே நிறத்தில் முந்நூறு நல்லது. ஒரே டயலில் எல்லாப் பணத்தையும் போட்டால் டயல் நன்றாக வரும்.

லிமிடெட் என்பது ஒரு வாக்குறுதி. 300 என்று கேஸ்பேக்கில் பொறித்துவிட்டு, அடுத்த வருடமே முள்ளின் நிறத்தை மட்டும் மாற்றி இன்னொரு 300 விடுவது முதலில் நம்பி வாங்கியவர்களுக்குச் செய்யும் துரோகம். எதைத் திரும்பச் செய்யமாட்டீர்கள் என்பதை விற்பனை தொடங்கும் நாளிலேயே எழுதி வையுங்கள்: கேஸ் மறுபடி வருமா, டயல் வராதா, பெசல் மட்டும் வருமா. தெளிவாகச் சொல்லிவிட்டால் அதே கேஸில் வேறு வேலைக்கான வாட்ச் ஒன்றைப் பிறகு கொண்டுவந்தாலும் யாரும் கோபப்படமாட்டார்கள். எண்ணைப் பொறிக்கும்போது கேஸ்பேக்கில் சிறிதாகப் பொறியுங்கள், டயலில் வேண்டாம், டயல் நேரம் பார்க்கும் இடம்.

முன்பணம் வாங்கினால் மாதிரி கையில் வந்து, சோதனை முடிந்தபின் வாங்குங்கள். தேதி சொல்லும்போது தொழிற்சாலை சொன்ன தேதிக்கு மேல் தாராளமாக நாள் சேர்த்துச் சொல்லுங்கள், டயல் தொகுதி ஒன்று நிராகரிக்கப்படுவது சாதாரணமாக நடக்கிற விஷயம்.

கடைசியாக, முதல் ஆர்டரிலேயே உதிரிப்பாகங்களையும் சேர்த்துக் கேளுங்கள். பத்தில் ஒரு பங்கு கூடுதலாக டயல், முட்கள் தொகுப்பு, கண்ணாடி, கிரவுன், கிரவுன் குழல், பெசல் வளையம், ரப்பர் வளையங்கள். அலுமினிய பெசல் வளையத்தை மட்டும் இன்னும் அதிகமாக வாங்குங்கள், அதுதான் முதலில் அடிபடும். வேலை முடிந்தபின் 30 கண்ணாடிக்காக எந்தத் தொழிற்சாலையும் இயந்திரத்தைத் திரும்ப ஓட்டாது, மூவ்மெண்ட் எங்கும் கிடைக்கும், உங்கள் கிரவுன் குழல் எங்கும் கிடைக்காது. ரப்பர் வளையங்களின் அளவு, குழலின் மரை, கண்ணாடியின் விட்டமும் உயரமும், முள்துளைகள் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் வையுங்கள். இருபது வருடம் கழித்து அந்த வாட்சைத் திறக்கப்போகிற, உங்களை அறியாத பழுதுபார்ப்பவருக்கு அந்தத் தாள் வேண்டும்.